லிஃப்ட் நோட்டீஸ்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் எட்டாவது மாடிக்காரர். லிஃப்ட் நின்றதும் மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டு, கையோடு இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: ‘ஃபார் த ஃபோர்சீயபிள் ஃப்யூச்சர்’ லிஃப்ட் ஓடாது. அதாவது, கண்ணுக்கெட்டிய காலம் வரைக்கும். ‘இன்றைக்கு மட்டும்’ என்று எழுதினால் பதவிக்கு என்ன மரியாதை?

சாயங்காலமும் லிஃப்ட் அசையவில்லை. மெக்கானிக்கை போனில் பிடித்துக் காய்ச்சினார்.

“காலையிலேயே வந்தேன் சார். நோட்டீஸைப் படிச்சேன். சரி, இப்போதைக்கு வேண்டாம்போலன்னு திரும்பிட்டேன். இனி அடுத்த மாசம்தான்.”

காய்கறிப் பையோடு எட்டு மாடி ஏறி வந்த மனைவிக்கு மூச்சு வாங்கியது.

“உங்களுக்கு நாக்குதான் கருநாக்குன்னு நெனச்சேன், பேனாவுமா? இங்கிலீஷ்ல ஒரு தப்பு இல்லீங்க. எழுதினது அப்படியே பலிச்சிடுச்சு. கீழே கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, போய்த் தூக்கிட்டு வாங்க.”