கண்ணாயி சாக்கு

கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் எஸ்டேட் ரைட்டர் முன்னால் எடைக்கு வரிசையில் நிற்கும்போது, ஆளுக்கு ஒரு கை பழத்தை ஒரு காலிச் சாக்கில் போடுவோம். அதற்குக் கண்ணாயி சாக்கு என்று பெயர். கண்ணாயி அக்கா அன்று ஒரு செடியைக்கூடத் தொட்டிருக்க மாட்டாள். எங்கள் பிள்ளைகளை எஸ்டேட் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ரைட்டர் அந்தச் சாக்கை நிறுத்து, அவள் பெயரில் கூலி போட்டுவிடுவார்.

இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அக்கா மேட்டில் பறித்துக்கொண்டிருந்த ஒரு நாள், அவளுடைய ஒரே பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. அதற்குப் பிறகு அவள் செடிப்பக்கம் போகவில்லை. "உங்க புள்ளைங்கள எங்கிட்ட உட்டுட்டுப் போங்க" என்றாள். விட்டோம். அவ்வளவுதான்.

அப்படி அவள் கட்டிய தூளியில் தூங்கி, அவள் ஊட்டிய களியைத் தின்று வளர்ந்தவள் சசிரேகா. சேலத்தில் படித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, ஜீப்பில் வந்து இறங்கினாள். எங்கெங்கோ இருக்கிற பணக்காரர்கள் பலர் சேர்ந்து ஒரே நிதியாகப் போட்டிருக்கிறார்களாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களையெல்லாம் அதை வைத்துச் சீர்படுத்தப் போகிறார்களாம்.

"பெரிம்மா, இனிமே யாரும் பழம் போட வேண்டாங்க. உங்களுக்குச் சம்பளம் வரும். பிச்சையாட்ட எதுக்குங்க அது?"

பிச்சை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை. வீடு வீடாகப் போய், "நம்ம சசி சொல்லீட்டா, இனிச் சாக்கு வேண்டாங்க கண்ணு" என்று சொன்னவளே அவள்தான்.

பாய் வந்தது, குட்டிக் கட்டில் வந்தது, தினம் முட்டை வந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் நடந்தது. என் மகள் அங்கேதான் நடை பழகினாள்.

இந்த வருஷம் பழம் சிவக்கிற நேரத்தில் ஜீப் வந்து கட்டில்களை ஏற்றிக்கொண்டு போனது. அக்காவின் சம்பளமும் அதோடு நின்றது. பணம் போட்டவர்களுக்கு ஒரே பெரிய மையமாக வேண்டுமாம், வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதும் பார்க்கிற மாதிரி. டவுனில், ஒண்டிக்கடைப் பக்கம் கட்டிடம் முடிந்தே விட்டது. கட்டிடம் என்ன ஒரே ராத்திரியிலா முளைக்கும்? சசிரேகாவுக்கு எப்போதோ தெரியும். வாரா வாரம் வந்து அக்கா கையால் காப்பி குடித்தவள் வாயே திறக்கவில்லை. காலியான கொட்டகையில் எஸ்டேட்டார் உர மூட்டை அடுக்கிவிட்டார்கள். ஒண்டிக்கடைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பினால் பாதிப் பொழுது போய்விடும். அப்புறம் எங்கே பழம் பறிப்பது?

திறப்பு விழாவுக்கு அக்காவை அழைத்திருந்தார்கள். "ஏதாச்சும் வழி பண்ணுவா. நாம வளத்த புள்ள, நம்மள உட்ருவாளா?" என்று என்னையும் பஸ் ஏற்றினாள். முன் வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சசிரேகா மைக்கைப் பிடித்தாள். "கொட்டச்சேட்டுக்கு நாங்க போறதுக்கு முன்னாடி குழந்தைகளப் பாத்துக்க ஒரு ஏற்பாடும் கிடையாது. செடிக்கடியில போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவாங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா எழுந்து, பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பேச்சை முடித்துவிட்டுச் சசிரேகா பின்னால் ஓடி வந்தாள்.

"பெரிம்மா, அப்படிப் பேசுனாத்தானுங்க பணம் வரும். தப்பா எடுத்துக்காதீங்க."

"உன்னைய நான் செடிக்கடியிலயா போட்டேன் சாமி?"

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், சசிரேகா போய்விட்டாள்.

பஸ்ஸில் அக்கா, "இப்ப அவ சொன்னது நெசமாப் போச்சு கண்ணு. நம்மகிட்ட ஒண்ணுமில்ல. சாக்கு வேண்டாம்னு நாந்தான சொன்னேன்" என்றாள். இவளை ஏமாற்றச் சசிரேகாவுக்கு எப்படி மனசு வந்தது என்று நினைத்து நான் அழுதேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்கு வெளியே பலா மரத்தில் அக்கா தூளி கட்டியிருந்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டு எல்லாரும் மேலே போனோம். சாயங்காலம் எடைக்கு நிற்கும்போது பழைய சாக்கைக் கொண்டுவந்து வரிசை ஓரத்தில் விரித்துவைத்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான் ஒரு கை அள்ளிப் போட்டேன்.

எனக்கு அடுத்து நின்றவள் கவிதா. நாளெல்லாம் அக்காவிடம் இருந்த அவள் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

"இத்தன நாளு சம்பளம் வாங்குனாங்கல்ல" என்று சொல்லிவிட்டு, தன் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.