மாவு மெஷின் வேலை செய்யவில்லை

சாயாபாத்தா ஊரில் யாருடைய இயந்திரம் மக்கர் செய்தாலும் கைப்பேசியை ரொட்டிக்கடை பிரிமித்திவாவிடம்தான் நீட்டுவார்கள். மெக்கானிக்கிடம் அவள் பேசினால் காரியம் நடக்கும். ஒரு காலத்தில் அவளும் எல்லாரையும் போலத்தான் உளறிக்கொண்டிருந்தாள்.

கணவன் ரூஃபோ இறந்த பின் வந்த முதல் கார்னிவல் திருவிழா முடிந்ததும் மாவு பிசையும் மெஷின் நின்றுவிட்டது. பள்ளி திறக்கும் நேரம். முதல் நாளே பிள்ளைகளுக்குக் காலை ரொட்டி போகாவிட்டால் அந்த வேலை வேறு கடைக்குப் போய்விடும். அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. கோச்சபாம்பா பட்டணத்திலிருக்கும், ரூஃபோவுக்குப் பழக்கமான மெக்கானிக் எலியோதோரோவைப் போனில் பிடித்தாள்.

"மெஷின் வேல செய்யலங்கய்யா. ஏதாவது பண்ணுங்க."

"சுவிட்ச் போட்டதுமே சும்மா கெடக்கா, ஓடிட்டு நிக்குதா?"

"அதுக்கு மனசே சரியில்ல. அவர் போனதிலேருந்தே அப்படித்தான்."

"மனசுக்கு எங்கிட்ட மருந்தில்லம்மா. கடைசியா நல்லா ஓடுனதுக்கப்புறம் அத என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

அவள் பொய் சொல்லவில்லை. கார்னிவல் செவ்வாயன்று சோறு போடும் இயந்திரத்துக்குக் காகிதச் சரம் சுற்றி, வண்ணப் பொடிக்காகிதம் தூவி, பூமித்தாயை நினைத்து பீர் தெளிப்பதை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

"சரி, காரணத்த விடுங்க. சுவிட்சப் போட்டுப் பாருங்க. என்ன கேக்குது, என்ன வாசன வருது, அத மட்டும் சொல்லுங்க."

"முனகுது, சுத்தல. வாசன வந்து..." பட்டணத்துக்காரர் சிரிப்பாரே என்று கூச்சம் பிடுங்கித் தின்றது. "பீர் வாசனங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊத்துனீங்க?"

"தலையில. அவர் இல்லாத முதல் வருஷம், குறை வைக்கக் கூடாதுன்னு முழு பாட்டிலையும்."

"ரூஃபோ மெஷின் காலடியில மட்டுந்தாம்மா தெளிப்பார். மொதல்ல பிளக்கப் புடுங்குங்க. பின்மூடியத் தெறங்க."

உள்ளே விசிறியில் காகிதம் கூழாகி அப்பியிருந்தது. மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள்.

"பிளக்கு வெளிய கெடக்கு. விசிறியச் சுரண்டிட்டேன், கையால தள்ளுனா சுத்துது. ஆனா மோட்டார் கம்பிச்சுருள் இன்னும் ஈரம். வெயில்ல வைக்கவா, அடுப்போரமா வைக்கவா?"

"வெயில்ல வைங்க. நல்லாக் காயுற வரைக்கும் தொடாதீங்க. இப்படிக் கேட்டா நான் எதுக்கும்மா அங்க வரணும்."

மெஷின் ஓடியது. பள்ளி திறந்த அன்று கூடை கூடையாக ரொட்டி போனது. வண்டி திரும்பிய பிறகு பிரிமித்திவா மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். "முடியல" என்று ரூஃபோ கடைசியாக வந்து நின்ற அன்று, "போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவே இல்லை.