பெண் பார்க்கப் போன பேய்ப் படம்

அந்த ஜப்பான் பேய்ப் படம் ஓடிய வாரங்களில் சிராங்கூன் ரோட்டில் எந்த ஆண்பிள்ளையும் சோற்றில் முடி கிடந்தது என்று வாயைத் திறக்கவில்லை. படத்தில் ஒருவன் திறப்பான். பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போய் வேறொருத்தியோடு வாழ்ந்து திரும்புகிறவன் அவன். அந்தப் பெண்டாட்டி எப்போதோ செத்துப்போனது தெரியாமல் சாப்பிட உட்காருவான். அவளும் சோறு போடுவாள். சோற்றில் ஒரு முடி. முடி கிடக்கிறதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுப்பான். முடி வரும். வந்துகொண்டே இருக்கும். கிண்ணம் காலியான பிறகும் வரும். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். யாராவது கண்ணைத் திறந்து வைத்திருந்தால்தானே ஒரே கதையாக இருக்கும்?

ஆனாலும் விமர்சனத்துக்குக் குறைவில்லை. “பேய்க்கு நடிப்பு பத்தல லா” என்றார் டீக்கடையில் ஒருவர். அவர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு படம் பார்த்ததாக அவர் மகனே சொன்னான். முடிவெட்டுகிற கடைக்காரர், அது குதிரை முடி, தனக்குத் தெரியாதா என்றார். எல்லோரையும் மிஞ்சியவர் தமிழ்ப் பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர்தான். கணவனுக்காகக் காத்திருக்கும் கற்பரசியின் கதை, மருந்துக்கும் முத்தக் காட்சி இல்லை, குடும்பத்தோடு போய்ப் பாருங்கள் என்று எழுதிவிட்டார். எழுதியது எல்லாம் உண்மை. இடைவேளை வரைக்கும் உண்மை. இடைவேளையில் அவர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டே டாக்சி ஏறிப் போனதாக, டிக்கெட் கிழிக்கிறவர் பின்னால் என்னிடம் சொன்னார்.

அந்த விமர்சனத்தை நம்பித்தான் என் சித்தப்பா எனக்குப் பெண் பார்க்க அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கொட்டகையில் பெண் பார்ப்பது எங்கள் ஆட்களிடம் இருந்த பழக்கம்தான். எல்லாக் குடும்பமும் ஒரே மாடியைப் பலகை வைத்துத் தடுத்துக்கொண்டு குடியிருந்தது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் ‘நூறாயுசு’ என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போய்ச் சொஜ்ஜி தின்றுவிட்டு, சரிப்பட்டு வரவில்லை என்று எழுந்து வந்தால் பெண்ணின் பேர் தெருவெல்லாம் நாறும். அதனால் இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்ததுபோல ஒரே படத்துக்கு வந்து, தற்செயலாக ஒரே வரிசையில் உட்காரும். பையன் ஒரு கோடி, பெண் ஒரு கோடி. இடைவேளையில் விளக்குப் போடும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது. பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் படம் பார்த்தோம், போனோம்.

எனக்கு அது மூன்றாவது பெண். முதல் இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது: பையனுக்கு வாய் ஜாஸ்தி. அந்த இரண்டுக்கும் நான் வருத்தப்படவில்லை. இந்தப் பெண் அப்படியில்லை. தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரோடு அவள் வாதாடுவதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். செவுளைத் தூக்கிக் காட்டி, “இது செத்துப் போயி கருமாதியும் முடிஞ்சிருச்சே, இதுக்கா இந்த வெல?” என்றாள். அன்றிலிருந்து மசாலா மில்லில் நான் அரைத்த மிளகாயெல்லாம் எனக்கு இனித்தது.

அம்மாவுக்கு அது தெரியும். கிளம்பும்போது என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

“படம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத. தொறந்த, இந்தப் பொண்ணும் போச்சு.”

“கொட்டாவி வந்தா?”

“முழுங்கு.”

முழுங்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. சித்தப்பா வேலி கட்டுவதுபோல ஆட்களை உட்காரவைத்தார். இந்தக் கோடியில் நான், அடுத்து அவர், அவருக்கு அடுத்து பெண்ணின் அப்பா. அதற்கப்பால் பெண்ணின் அம்மா, என் அம்மா, அந்தக் கோடியில் அவள். நான் முன்னால் குனிந்து பார்த்தால் வரிசையாக மூக்குகள்தான் தெரிந்தன. அவளுடைய மூக்கு எது என்று கண்டுபிடிப்பதற்குள் சித்தப்பா என் நெற்றியைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கங்காணி. மூட்டை தூக்குகிறவர்கள் அவர் தொண்டையைச் செருமினாலே பீடியை அணைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சித்தப்பா வணக்கம் சொன்னதற்கு அவர் ஒரு புருவத்தை மட்டும் அசைத்தார்.

படம் ஆரம்பித்தது. பேச்சு ஜப்பான் பாஷையில், கீழே எழுத்து இங்கிலீஷில். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ‘மை ஹஸ்பண்ட்’ என்று நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அந்த ஹஸ்பண்ட் ஊரைவிட்டே போய்விட்டான். சித்தப்பா விமர்சனத்தைப் படித்திருந்ததால் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் படத்தில் வாள் கட்டிய அதிகாரி ஒருவன் கிராமத்துக்குள் வந்தான். சந்தையில் நின்று ஒரே ஒரு வார்த்தை கத்தினான். என்ன வார்த்தையோ எனக்குத் தெரியாது. யுத்தத்தில் ஜப்பான்காரன் இந்த ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் நான் தொட்டிலில் கிடந்தவன்.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து, இடுப்பு மடங்கக் குனிந்தார். அப்படியே நின்றார். திரையில் குனிந்தவர்கள்கூட நிமிர்ந்துவிட்டார்கள். இவர் நிமிரவில்லை. முன்வரிசையில் ஒரு சீனக் கிழவரும் அதேபோல நின்றுகொண்டிருந்தார்.

பின்னால் இருந்த பயல்கள் பார்த்துவிட்டார்கள். விசில் பறந்தது.

“யோவ் பெருசு! ஜப்பான்காரன் எப்பவோ கப்பலேறிட்டான், உக்காருய்யா!”

“விடுடா, டிக்கெட்டுக்கு மரியாத செய்யிறாரு!”

கொட்டகை சிரித்தது. உட்கார வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. பெண்ணின் அம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

அம்மா வாயைத்தான் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். நான் எழுந்தேன். பின்வரிசைக்கு நன்றாகத் தெரிகிறமாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் ஒன்று. பக்கத்தில் சுழன்ற மின்விசிறிக்கு ஒன்று. சிரிப்பெல்லாம் அவரை விட்டுவிட்டு என்மேல் வந்து விழுந்தது. கச்சாங் கடலை ஒன்று என் பிடரியில் பட்டது. அந்தச் சத்தத்தில் அவர் சுயநினைவு வந்து மெதுவாக உட்கார்ந்தார். சித்தப்பா என் தொடையைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது.

இடைவேளை வந்தது. விளக்குப் போட்டார்கள். இதற்குத்தான் இவ்வளவு பாடும். நான் தலைவாரி, நகத்து மஞ்சளைச் சுரண்டி, வலப்பக்க முகம்தான் எடுப்பு என்று முடிவு செய்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் வரிசையைத் தாண்டித் தலையை நீட்டி நேராக என்னையே பார்த்தாள். கோபமா, சிரிப்பா, மீனின் செவுளைப் பார்க்கிற பார்வையா, எதுவும் தெரியவில்லை. நான்தான் தலையைக் குனிந்தேன். கச்சாங் வாங்கிப் பொட்டலம் பொட்டலமாக நீட்டினேன். அவள் அப்பா கையை நீட்டவில்லை. என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான்காவது பெண் தெரிந்தாள்.

பிற்பாதியில் பேய் வந்தது. முடி வந்தது. சித்தப்பா செருப்பைக் காணோம் என்று நாற்காலிக்கு அடியில் போனவர், முடிவுப் பாட்டு வந்த பிறகுதான் வெளியே வந்தார். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு “முருகா, முருகா” என்றார்கள். நிச்சயதார்த்தத்தில்கூட சம்பந்திகள் அவ்வளவு ஒட்டி நான் பார்த்ததில்லை. நான் விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். திரையைவிட அந்தக் கோடியைத்தான் பார்த்தேன். அவள் கண்ணை மூடவில்லை. தன் பொட்டலத்தை முடித்துவிட்டு, அப்பா வாங்காமல் விட்டதைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. கொட்டகை வாசலில் ஒதுங்கி நின்றோம். பெண்ணின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“கட்டுனவன் விட்டுட்டுப் போறான், அவ செத்துப் பேயா வர்றா. பொண்ணு பாக்குற அன்னிக்குக் காட்டுற படமா இது? சகுனமே சரியில்ல. இதோட விட்டுருவோம்.”

“பேப்பர்ல நல்ல விதமாத்தான் போட்டிருந்தான்...” என்றார் சித்தப்பா.

“அப்ப அந்தப் பேப்பர்காரனுக்கே பொண்ணு பாருங்க.”

பெண்ணின் அப்பா கையைத் தூக்கினார். இரண்டு பேரும் வாயை மூடினார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். அவர் வாயிலிருந்து அன்றைக்கு வந்த முதல் பேச்சு.

“தம்பி. நீ எதுக்கு எந்திரிச்ச?”

அம்மாவைப் பார்த்தேன். படம் முடிந்துவிட்டது, வாயைத் திறக்கலாம். எத்தனையோ பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. எல்லாமே வேடிக்கையான பதில்.

“நீங்க தனியா நின்னுக்கிட்டிருந்தீங்க, மாமா” என்றேன். “என்னயப் பாத்துச் சிரிச்சா எனக்குப் பழக்கம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ குனிஞ்சது தப்பு” என்றார்.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார், பேய் வந்ததுபோல.

“பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டுத் தலைய மட்டும் ஆட்டுற. இடுப்புலேருந்து வரணும். ஜப்பான்காரன் முன்னால நீ குனிஞ்ச மாதிரி குனிஞ்சா ரெண்டு கன்னத்துலயும் அறை விழும். எனக்கு விழுந்துச்சு, அந்தா அந்த முக்குல. அப்ப இந்தப் புள்ளைக்கு அண்ணன் ஒருத்தன் என் கையில இருந்தான். அவனயும் தூக்கிக்கிட்டே குனிஞ்சேன்.”

பெண்ணின் அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படி ஒரு அண்ணன் இருந்ததாக எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

“எங்க, குனி” என்றார்.

குனிந்தேன். என் முதுகில் கையை வைத்து இன்னும் அழுத்தினார். கொட்டகையிலிருந்து வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. முன்வரிசைச் சீனக் கிழவர் நின்று பார்த்தார். “சாலா, சாலா”, தப்பு, தப்பு என்று மலாயில் சொல்லிவிட்டு, என் கைகளைப் பிடித்து உடம்போடு ஒட்டவைத்தார். பெண்ணின் அப்பா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரும் அசைத்துவிட்டுப் போனார்.

“இன்னும் கொஞ்சம்” என்றார் பெண்ணின் அப்பா.

“அப்பா, போதும் விடுங்க” என்று அவள் குரல் கேட்டது. “கல்யாணத்தன்னைக்கு முதுகு புடிச்சுக்கப் போகுது.”

அவள் அம்மா நறுக்கென்று கிள்ளிய சத்தம் மட்டும் கேட்டது. என் முதுகிலிருந்த கை எடுபட்டது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் அத்தனை பேருக்கும் என் பல்லெல்லாம் தெரிந்திருக்கும்.