என் கணவர் எண்ணிய மூச்சு

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனேன். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. "நடங்க, யோகா பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார். மரக்காணத்தில் எங்கள் மாதா கோயில் கூடத்தில் காலையில் நடக்கும் யோகா வகுப்பில் அப்படித்தான் சேர்ந்தேன்.

சொல்லித் தரும் பெண் பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். என்னைவிட மிகவும் இளையவள். அவள் வகுப்பில் எல்லாமே எண்ணிக்கைதான். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைத் தூக்க வேண்டும். எட்டு எண்ணும்வரை விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். எனக்கு ஐந்திலேயே மூச்சு தீர்ந்துவிடும். பக்கத்துப் பாயில் இருந்த உப்பள வேலைக்குப் போகும் அக்காவுக்கும் அதே பாடுதான். இருவரும் வெளியே சொல்லவில்லை.

என் கணவர் உப்பு லாரி ஓட்டுகிறார். கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பதும் அவர்தான். என்னை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை வாசலில் உட்கார்ந்து போன் பார்ப்பார்.

ஒருநாள் அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேசினால் காற்றுதான் வந்தது.

"அண்ணே, இன்னைக்கு நீங்க எண்ணுறீங்களா?" என்று வாசலுக்குப் போய்க் கிசுகிசுத்தாள்.

"இதுக்கு இன்னாம்மா கேள்வி!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். இழுக்கும்போது நாலு வரை ஒழுங்காகத்தான் போனது. விடும்போது குரலுக்கு மெருகு ஏறிவிட்டது. "ஒ...ண்ணு. ரெ...ண்டு." ஐந்து வந்ததும் வாசல் பக்கம் திரும்பி, "ஏம்பா, வண்டிய அப்பால நிறுத்து, வழியில நிக்குது பாரு" என்றார். நாங்கள் பாதி இறக்கிய கைகளோடு, வயிறு ஒட்டிப்போய் நின்றுகொண்டிருந்தோம்.

"எங்க விட்டேன்? ஆங், நாலு!"

"அட போங்கண்ணே, உசுரு போவுது!" என்று கத்திவிட்டு உப்பளத்து அக்கா பாயில் உட்கார்ந்துவிட்டார். கூடமே சிரித்தது. சொல்லித் தரும் பெண்ணும் சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "இப்ப நான் எண்ணுறேன், நீங்க பண்ணுங்க" என்று கணவரை என் பாயில் நிற்க வைத்தேன். ஐந்து சொல்லும்போதே அவர் முகம் சிவந்து, வாயைத் திறந்துகொண்டு காற்றை அள்ளினார்.

"இன்னாடி, அஞ்சுலியே தீந்துபோச்சு? உனக்கும் இப்பிடித்தானா?"

"சேந்த நாள்லேர்ந்து இப்பிடித்தான்."

"எனக்கும்தான்" என்றார் உப்பளத்து அக்கா.

அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க்கா யாருமே சொல்லல? எட்டு வரலன்னா ஆறு போதும். நம்ம மூச்சு போற வேகத்துக்குத்தான் எண்ணணும்."

மறுபடி கணவர்தான் எண்ணினார். இம்முறை மைக் குரல் இல்லை. எங்கள் தோள்களைப் பார்த்துப் பார்த்து, அவை இறங்குகிற வேகத்துக்கே மெதுவாக ஆறு வரை சொன்னார். கை தொடையைத் தொட்டபோதுதான் என் மூச்சும் முடிந்தது. அடுத்த மூச்சு அவசரமில்லாமல் தானாக உள்ளே வந்தது. வீட்டில் அவர் இவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை.

தொண்டை சரியான பிறகும் அவள் எங்களுக்கு ஆறுதான் எண்ணுகிறாள். கணவரும் ஒரு பாய் வாங்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் சேர்ந்துவிட்டார். கடைசியில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னால் மட்டும் குறட்டை விடுகிறார்.

"தூங்கட்டும்க்கா, பாவம்" என்கிறாள் அவள்.

அவருக்கு லாரி எடுக்க நேரமாகிவிடும். அதனால் நான்தான் காலால் இடித்து எழுப்புகிறேன்.