உம்மாவின் திங்களும் வியாழனும்

உம்மா திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பார். நூல் வராத வாரங்களில் செவ்வாயும் புதனும்கூட நோன்புதான். வாப்பா மௌத்தான பிறகு, எழுபதுகளின் கடைசியில், மருதமுனைத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தே எங்கள் மூவரையும் அவர் வளர்த்தார்.

பானையில் உள்ள சோறு மூன்று பேருக்குத்தான் காணும். நாங்கள் உண்ணும்போது உம்மா நூல் சுற்றிக்கொண்டிருப்பார். அந்தியில் மஃரிப் பாங்கு சொன்னதும் வெறும் தேத்தண்ணி, கடிக்க ஒரு தேங்காய்ச் சொட்டு. அதோடு நோன்பு துறந்தாயிற்று.

எனக்கு அது பெருமை. குர்ஆன் ஓதப் போன இடத்தில், "எங்கட உம்மா வருசம் முழுக்க நோன்பு" என்று சொல்லித் திரிந்தேன். ஊரில் பரவி, தங்களுக்காகப் பிரார்த்திக்கும்படி துஆக் கேட்டுப் பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

ஒரு வியாழக்கிழமை பக்கத்து வீட்டு மாமி பள்ளியில் பங்கிட்ட கந்தூரிச் சோற்றோடு வந்து வாசலில் நின்றுவிட்டார்.

"அல்லாஹ்வே, மறந்துட்டன்! மச்சிக்கு இண்டைக்கு நோன்புதானே? சொர்க்கத்துச் சாப்பாடு காத்துக்கிடக்கிற ஆளுக்கு நம்மட சோறு என்னத்துக்கு? புள்ளையளுக்குக் குடுங்க."

"ஓம்" என்றார் உம்மா.

அன்று காலை வெளிச்சம் வந்த பிறகு அவர் தேத்தண்ணி குடித்ததை நான் கண்டிருந்தேன். இருந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாங்கள் தின்று முடிக்கும்வரை உம்மா சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் எனக்கு வேலை கிடைத்து, அரிசி மூட்டையாக வீட்டுக்கு வந்தது. அப்போது உம்மாவால் நாலு பிடிக்கு மேல் உண்ண முடியவில்லை. ஒரு நாள் இரத்தமாகச் சத்தி எடுத்தார். ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன்.

"வயித்தில பழைய புண். உடம்பில இரத்தமும் இல்ல. கனகாலம் பட்டினி கிடந்தீங்களோ அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"விரும்பிப் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு டொக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன்.

உம்மா என்னைப் பார்க்கவில்லை. "நோன்பெண்டு மனசில நிய்யத்து வெச்சது கொஞ்சம் மகன். மத்ததெல்லாம் சோறில்லாத நாள்."

இனி நோன்பே பிடிக்கக் கூடாது என்றார் டொக்டர். ரமழான் பிறக்கச் சில நாட்களே இருந்தன. வாப்பாவின் மௌத்துக்குக்கூட எங்கள் முன்னால் அழாத உம்மா, பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"கட்டாயம் பிடிக்கவேண்டிய பர்ளான நோன்புக்கு இந்த உடம்பு உதவாமப் பெய்த்தே மகன். நாளைக்கு அல்லாஹ்ட்ட என்னத்தச் சொல்லுவன்?"

முதல் நோன்பன்று நடுப்பகலில் கஞ்சி கொடுத்தேன். திரையை இழுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தார். பிறகு விட்ட நோன்புக்குப் பதிலாக ஏழைக்குக் கொடுக்கும் பித்யா அரிசியை அளந்து கட்டினார்.

"பின் வளவில புருசன் இல்லாம இரிக்கிற புள்ளைக்குக் குடு."

"ஏன் உம்மா அவவுக்கு?"

"மாசக்கணக்கா அவள் ஒரே நோன்பாம் எண்டு சனம் கதைக்கிது. நீ அவள்ட ஒண்டும் கேக்காத. ஊருல போய் அவள்ட நோன்பப் பெருமையாக் கதைச்சிடவும் வேணாம்."

நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலால் போனேன்.