உத்தரவில்லாமல் கிளம்பாத ஜீப்

மூன்றாவது திருகலில்தான் ஜீப் உயிர் பிடித்தது. உடனே கன்னையன் அதை அணைத்துவிட்டு இறங்கினார். பின்னால், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் தெருமுனைக் கடையில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். "மூணு வாட்டி இழுத்துச்சுன்னா பழம் கேக்குதுன்னு அர்த்தம்" என்றார். பேட்டரி மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். "பேட்டரியும் சாமி சொன்னாத்தான் சார் எறங்கும்."

ராசிங்காபுரத்தில் ஆள் ஏற்றி, போடி வழியாக மலையேறி, போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவது அவர் தொழில். வயது ஐம்பத்தெட்டு. சட்டைப்பையில் விபூதிப் பொட்டலமும் பீடிக்கட்டும் ஒன்றாக இருக்கும். நான் அந்தத் தோட்டம் ஒன்றில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். முன்சீட்டில் எனக்கு இடம். எனக்கு நேர் பின்னால் பாண்டீஸ்வரி. காயெடுக்கும் பெண்களுக்கு அவள்தான் கங்காணி. எந்த ஜீப்பில் ஏறுவது என்பதை அவள்தான் முடிவு செய்வாள்.

எதுவும் தற்செயலாக நடக்கும் என்பதைக் கன்னையன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "சும்மாவா நடக்கும்?" என்பார். அவருக்கு மகள் பிறந்த அன்று, மலையிலிருந்து ரோஜாச் செடி ஏற்றிவந்த லாரி ஆஸ்பத்திரி வாசலில் பஞ்சராகி நின்றது. மகள் பெயர் ரோஜா. "நல்லவேள, அன்னைக்குச் சாணி லோடு வரல" என்பாள் பாண்டீஸ்வரி. செத்துப்போன அண்ணனை நினைத்துக்கொண்டே ஓட்டும்போது எதிரே வரும் லாரியின் நெற்றியில் அண்ணன் பெயர் எழுதியிருக்குமாம். அண்ணன் பெயர் முருகன். அந்தப் பாதையில் முருகன் பெயர் இல்லாத லாரியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

ஒரே வாரத்தில் இரண்டு தடவை, ஆள் அதிகம் என்று அவரை மறித்து அபராதம் போட்டார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அது கவருமெண்டு. அதுல சாமி தலையிடாது" என்றார்.

போன ஆடியில் ஒரு விடியற்காலை, மலையேறும்போது குரலைத் தாழ்த்தி, "சார், எதுத்தாப்புல வர்ற லைட்டச் சுத்தி ஒரு வட்டம் தெரியுது பாத்தீகளா? சாமி படத்துல தலைக்குப் பின்னாடி போட்டிருப்பாகள்ல, அதே மாதிரி" என்றார். நான் உற்றுப் பார்த்தேன். பால் வண்டியின் இரண்டு விளக்குகள், அவ்வளவுதான். தெரியவில்லை என்றேன். "குடுத்து வச்சிருக்கணும்" என்று என்மேல் இரக்கப்பட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். பிரேக்கைக் கொஞ்சம் தாமதித்து மிதித்தார். பள்ளத்தில் விட்டுவிட்டு, "நேத்து இது இல்லையே" என்றார். பதினோராவது வளைவில் மட்டும் தவறாமல் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நெற்றிக்கு நேரே உயர்த்திக் கும்பிட்டார். அங்கே கோயில் எதுவும் கிடையாது.

ஐப்பசி மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்த ஒரு காலையில் அதே வளைவில் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஏறுங்க சாமி, மேல வரைக்குந்தான் போறேன்" என்றார்.

வெளியே யாரும் இல்லை.

"வெள்ள வேட்டி கட்டி நிக்கிறாரே, தெரியல? ரெண்டு மாசமா இதே எடத்துல நின்னு என்னைய ஆசீர்வாதம் பண்றாரு."

பாண்டீஸ்வரி இறங்கிப் பனிக்குள் நடந்தாள். சாலையோரத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்த தடுப்புக்கல்லின் தலையில் உள்ளங்கையால் பட்பட்டென்று தட்டினாள். கல்லுக்குப் பின்னால் பாதாளம்.

"அண்ணே, இது கல்லு."

கன்னையன் இறங்கிப்போய்த் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பாத்தியா ஆத்தா! நீ கிட்ட வரவும் கல்லாயிட்டாரு!"

பெண்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் அந்தக் கல்லில் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்.

கல்லைத் தட்டிக் காட்டிய அன்று சாயங்காலமே பாண்டீஸ்வரி ஸ்டோருக்கு வந்திருந்தாள். "அவருக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு சார். எங்க மாமாவுக்கும் இப்பிடித்தான் வெளக்கச் சுத்தி வட்டம் தெரிஞ்சுச்சு. நம்ம சொன்னாக் கேக்கமாட்டாரு. சாமி சொன்னாத்தான் கேப்பாரு. நம்மளே சாமியாயிருவோம்."

போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் சிகிச்சை முகாம் நடக்க இருந்தது. அதன் நோட்டீசை அவள் வைப்பரில் செருகி வைத்தாள். அதைப் படித்துச் சொல்லும்படி கன்னையன் என்னிடம் நீட்டினார். இத்தனைக்கும் கொட்டை எழுத்து. மறுநாள் தேநீர்க் கடை மலையாளிச் சேட்டன், நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, "கன்னையன் அண்ணா, கண்ணு சூக்ஷிக்கணும் கேட்டோ" என்று கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு பெண் தன் மகனுக்கு வேண்டுதல் என்று சொல்லி, தகட்டில் செய்த கண்மலரை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

கன்னையன் அந்தத் தகட்டை வெகுநேரம் பார்த்தார். "மூணு நாளா கண்ணு, கண்ணு, கண்ணு. சும்மாவா நடக்கும்?" என்றார். பாண்டீஸ்வரி பின்னாலிருந்து என் முதுகில் விரலால் குத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீரபாண்டிக்குப் போனார். பாண்டிய ராசாவுக்கே பார்வை கொடுத்த கௌமாரியம்மன் தன்னைக் கூப்பிடும்போது, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் அவர் எதற்குப் போகவேண்டும்? முல்லையாற்றில் முங்கி எழுந்து, கண்மலர் வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினார். திங்கட்கிழமை, "பளிச்சுன்னு தெரியுது சார்" என்று கிளம்பினார். ஏழாவது வளைவில், மேலேயிருந்து வந்த பஸ்சுக்கு ஒதுங்குகிறேன் என்று ஜீப்பை மலைச்சுவரில் உரசினார். பின்னால் ஒருத்திக்கு நெற்றியில் அடிபட்டு ரத்தம் வந்தது. இடதுபக்கம் ஒதுங்கியதால் பிழைத்தோம். வலதுபக்கம் சுவர் கிடையாது.

மறுநாள் விடியற்காலை கன்னையன் ஊர்முனையில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். பெண்கள் எல்லாரும் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். ஒருத்தியும் ஏறவில்லை.

"வெரசா ஏறுங்க, நேரமாகுது."

யாரும் அசையவில்லை.

"என்ன ஆத்தா, எல்லாரும் ஒண்ணுபோல நிக்கிறீக?"

பாண்டீஸ்வரி முன்னால் வந்தாள். "எங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல கால் ஏறமாட்டேங்குதுண்ணே. சும்மாவா நடக்கும்?"

கன்னையன் இறங்கினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"என்னைய நம்பலையா?"

"ஒங்கள நம்பாமலா இத்தன வருசம் பிள்ளைகள வீட்டுல போட்டுட்டு வந்தோம்? ஒங்க கண்ணத்தாண்ணே நம்பல."

அவர் ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். பீடியைத் தேடி எடுத்தார், பற்றவைக்கவில்லை. யாரிடமும் இல்லாமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணக் கீறித்தான் எடுப்பாகளாம். நெனச்சாலே கொல நடுங்குது ஆத்தா."

பாண்டீஸ்வரியின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் தெனமும் நடுங்கத்தான் செஞ்சுச்சு. அந்த வளைவு வந்தாக் கண்ண மூடிக்கிருவேன்" என்றாள்.

கன்னையன் எழுந்து, சாவியை உருவி என் கையில் கொடுத்தார். எந்தப் பல்லியும் சொல்லவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

தேனியில் ஆப்பரேசன் நடந்தது. அதுவரைக்கும் அதற்குப் பிறகும் அவர் மச்சினன் முத்துக்கண்ணன் வண்டி ஓட்டினான். இரண்டாவது கண்ணும் முடிந்து, கட்டுப் பிரித்த வாரத்தில் நான் பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். திருந்தியிருப்பார் என்று நினைத்ததுதான் என் தப்பு.

"ஆப்பரேசன் பண்ணுன டாக்டரம்மா பேரு என்ன தெரியுமா சார்? மாரீஸ்வரி! கௌமாரியம்மாதான் ஆளு மாறி வந்திருக்கா. நான் வீரபாண்டிக்குப் போனது வீணாப் போகல. பாண்டீஸ்வரிகிட்டச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். சுவரில் தொங்கிய காலண்டரில் பொடி எழுத்தில் இருந்த ராகுகாலத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துக் காட்டினார். வாசலில் போகிற பஸ்சின் பெயர்ப்பலகையைப் படித்தார். எதிர்வீட்டு ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்காய்க்கு ஒரு கால் நொண்டி என்று கண்டுபிடித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவும் ஆரம்பித்தார்.

அவர் மனைவி ராக்கு காப்பி கொண்டுவந்து நீட்டினார். டம்ளரைப் பிடிக்கப் போன கன்னையன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கையில என்னது இது?"

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

"போன தையில பொங்கப்பானை சரிஞ்சுச்சுல்ல. அன்னைக்கே சொன்னேனே, நீதான் பொங்க தெக்காலயா வடக்காலயா பொங்குச்சுன்னு கேட்டுட்டுப் போயிட்ட."

ராக்கு இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கன்னையன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். பிறகு, ஒட்டியிருக்கும் மாவைத் துடைப்பதுபோல, கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.