அஸருக்குப் பின் கவலைப்பட்டவர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கண் விழித்ததும் எனக்கு முதலில் தெரிந்தது வானம். முதல்நாள் படுக்கும்போது அந்த இடத்தில் ஓடு இருந்தது.

மாரிக்காற்று எங்கள் வீட்டு முகட்டில் பாதியைப் பக்கத்து வளவில் இறக்கி வைத்திருந்தது. எனக்கு மூத்தவளான ராத்தாவின் கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வானத்தின் கீழ் அவரை எங்கே இருத்துவது? உம்மா அழுதா. வாப்பா சுவரில் ஏறி, உடையாத ஓடுகளைத் தேடி எடுக்கத் தொடங்கினார்.

வாப்பா பிறந்தது சாய்ந்தமருதில். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். இறக்காமத்தில் வயல் செய்தார். விளைந்ததில் யானைகள் தின்றது போக மிச்சம் எங்களுக்கு. தொண்ணூறில் கலவரம் வந்து வயலுக்கே போக முடியாமற் போனது. மூன்று மாதம் அவர் சரியாக உறங்கவில்லை. பிறகு ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, வேம்பின் கீழ் கதிரையைப் போட்டு, இனி அஸரிலிருந்து பொழுதுபடும் மஃரிப் வரைதான் கவலைப்படுவேன் என்று அறிவித்தார். மற்ற நேரத்தில் யார் கவலையைக் கொண்டுவந்தாலும், "அஸருக்குப் பிறகு கொண்டு வாங்க" என்பார்.

"கவலை என்ன போஸ்ட் ஒபிசா, நேரம் பாத்துத் திறக்க?" என்று உம்மா கேட்பா.

அயலவர்கள் அப்படிக் கேட்கவில்லை. தங்கள் கவலைகளோடு அவர்களும் அஸருக்குப் பின் வரத் தொடங்கினார்கள். அவர்கள் இருக்க வாப்பா ஒரு வாங்கு வாங்கிப் போட்டார்.

ஓடு பறந்த அன்று பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் பெரிய மாமா வந்தார். வாப்பா சுவரில் இருந்தார்.

"காக்கா, கலியாண விசயமாக் கதைக்கணும்."

"சந்தோசமா, கவலையா?"

"கவலைதான்."

"அப்ப அஸருக்குப் பிறகு வாங்க. சந்தோசம் எண்டா இப்பவே கதைங்க."

மாமாவின் முகம் சிவந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். குசினிக்குள் ராத்தா தேம்பியது வெளியே கேட்டது.

"அஸருக்குப் பிறகு அழு மகள். வாப்பாட சட்டம்," என்றா உம்மா. கலியாணம் அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம்.

பதில் இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாததால் மாமா அஸருக்குப் பின் திரும்பி வந்தார். வாங்கில் ஏற்கெனவே இருவர் இருந்தார்கள்: தோணியைக் கடலுக்குப் பறிகொடுத்த மீன்காரரும், குசினிமேல் தென்னை விழுந்த டீச்சரும்.

"இவங்க முன்னுக்கு வந்தவங்க. கொஞ்சம் இரிங்க," என்றார் வாப்பா.

மாமா இருந்தார். தோணிக் கதையையும் தென்னைக் கதையையும் முழுக்கக் கேட்டார். தன் முறை வந்தபோது அவரிடம் கோபம் மிஞ்சவில்லை.

"கலியாணத்தப் பின்போடுவம் எண்டு பெரியாக்கள் செல்லியனுப்பினாங்க. ஆனா காக்கா, மாப்பிள்ள முகட்டுக்குக் கவலப்படல்ல. மாமனார் கோவக்காரரா எண்டு கேட்டு வரச் செல்லித்தான் என்னைப் போட்டுப் பிச்செடுக்கிறான். ஒரு வாரமாச் சோறு இறங்குதில்ல அவனுக்கு."

வாப்பா யோசித்தார். "கோவம் இருக்கு. அதுக்கு இன்னும் நேரம் ஒதுக்கல்ல."

டீச்சர்தான் முதலில் சிரித்தா. மஃரிப் பாங்கு கேட்டது, எல்லோரும் எழுந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளையே ஏணியோடு வந்து நின்றார். பாதி ஓடு, பாதி தென்னங்கிடுகு என்று வீடு மூடப்பட்டது. குறித்த நாளில் நிக்காஹ் நடந்தது. அன்று மழையும் வந்தது. ஓட்டுப் பக்கம்தான் ஒழுகியது.

வாப்பா தன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், நோவு இருக்கிறதா என்று காலையில் கேட்ட இளம் டொக்டரிடம், "அஸருக்குப் பிறகு கேளுங்க தம்பி," என்றார். டொக்டர் அஸருக்குப் பின் மறக்காமல் வந்து கேட்டார். அவருக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், கப்றுக் குழி வெட்டிய அயலவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்தனுப்பிய டீச்சருக்கும், ஏணியோடு வந்து எங்கள் வீட்டு மகனாகிவிட்ட மச்சானுக்கும் எங்கள் நன்றி. வாப்பாவின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள நீங்களும் துஆச் செய்யுங்கள்.

வாப்பா எங்களை விட்டுப் போன அன்று அஸர் பாங்கு மூன்று இருபத்தைந்துக்கு. அவர் மௌத்தானது இரண்டு ஐம்பதுக்கு.